மேலமாசி வீதி முதல் ரேஸ்கோர்ஸ் வரை... மதுரை சொல்லும் ‘புறக்கணிப்பு’ கதைகள்!

மதுரைக்கு வருகிறவர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும். மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மஹால், வண்டியூர் தெப்பக்குளம், அழகர்கோவில், நடுவில் ஒரு ஜிகர்தண்டா. 2025 நவம்பர் கடைசியில் இந்தப் பட்டியலில் புதிதாக ஓர் இடம் சேர்ந்தது. ரேஸ்கோர்ஸ் பகுதியில் இருக்கும் எம்.ஜி.ஆர். விளையாட்டு அரங்க வளாகத்தில் கட்டப்பட்ட சர்வதேச ஹாக்கி மைதானம். ஆண்கள் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டியைச் சென்னையும் மதுரையும் சேர்ந்து நடத்தின. முதல்முறையாக 24 நாடுகள். நீலநிறத் தரையில் பந்து பறக்க, குடும்பம் குடும்பமாக மக்கள் போய்ப் பார்த்தார்கள்.

வந்திருக்கவேண்டிய ஒரு நாடு மட்டும் வரவில்லை. பாகிஸ்தான்.

ஒரு நாட்டின் மேல் கோபம் இருந்தால் அந்த நாட்டோடு விளையாடாமல் இருக்கலாமா? விளையாட்டு வேறு, அரசியல் வேறு என்று சொல்வது சரியா? திபெத்துக்காக பீஜிங் ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கச் சொன்னபோதும், ஈழத்துக்காக இலங்கை வீரர்கள் வரக்கூடாது என்று சொன்னபோதும் எழுந்த அதே கேள்விதான் இது. இந்தக் கேள்வியோடு மதுரையைச் சுற்றினால், ஊருக்குள்ளும் ஊரைச் சுற்றியுள்ள சமவெளியிலும் அதற்குப் பதில் சொல்லும் இடங்கள் நிறைய இருக்கின்றன.

மேலமாசி வீதி: துணியில் தொடங்கிய கதை

ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது மேலமாசி வீதி. கடைகளும் ஷேர் ஆட்டோக்களும் நெருக்கியடிக்கும் இந்தத் தெருவில், காதிக் கடை இயங்கும் ஒரு பழைய வீடு இருக்கிறது. 1921 செப்டம்பரில் காந்தி தங்கிய வீடு அது.

அந்நியத் துணியைப் புறக்கணியுங்கள், கதர் உடுத்துங்கள் என்று காந்தி ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த நேரம். சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வரும்போது கூட இருந்த பயணிகளிடமும் அதையே சொன்னார். கதர் வாங்க எங்களிடம் காசு இல்லையே என்று பதில் வந்தது. புறக்கணிக்கச் சொல்வது சுலபம், மாற்றுத்துணிக்கு ஏழை எங்கே போவான் என்ற கேள்வி அவரை உறுத்தியது. செப்டம்பர் 22-ம் தேதி காலையில் மேல்சட்டை, தொப்பி எல்லாவற்றையும் விட்டு நான்கு முழ வேட்டிக்கு மாறினார். அந்தக் கோலத்தில் அவர் முதன்முதலில் மக்கள் முன் நின்ற இடம்தான் காமராஜர் சாலையில் இருக்கும் காந்தி பொட்டல். முதலில் அக்டோபர் 31 வரைக்கும் என்றுதான் நினைத்திருந்தார். அதுவே கடைசிவரைக்கும் ஆகிவிட்டது.

இந்தியாவில் ‘பகிஷ்காரம்’ என்ற சொல்லுக்கு இவ்வளவு நெருக்கமான இடம் வேறு ஊர்களில் அதிகம் கிடையாது. இங்கிருந்து கிளம்பும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளலாம். புறக்கணிக்கச் சொன்னவர், அதன் செலவை முதலில் தன் உடம்பில் ஏற்றுக்கொண்டார். பின்னால் வந்த புறக்கணிப்புகளில் அந்தச் செலவை யார் ஏற்றார்கள் என்று பார்த்தால், ஒவ்வொன்றும் எப்படிப்பட்டது என்று புரியும்.

ஸ்வெட்டர் விற்க வரும் திபெத்

குளிர்காலம் நெருங்கும்போது திபெத்தியர்கள் ஸ்வெட்டர் விற்க வந்து இறங்கும் தமிழ்நாட்டு நகரங்களில் மதுரையும் ஒன்று. வெயில் ஊரில் ஸ்வெட்டருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மார்கழிப் பனிக்குக் கைக்குழந்தைக்கு ஒரு குல்லா வேண்டும். கொடைக்கானலுக்கு சுற்றுலா போகிறவர்களுக்கும், விடியற்காலையில் வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கும் ஸ்வெட்டர் தேவைதான்.

இவர்களில் பலர் கர்நாடகத்தின் பைலகுப்பே, முண்ட்கோடு போன்ற குடியிருப்புகளில் வளர்ந்தவர்கள். 1959-ல் தலாய் லாமா இந்தியாவுக்குத் தப்பி வந்தபோது கூடவே வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். லூதியானாவில் கடனுக்குச் சரக்கு எடுத்து, இரண்டு மூன்று மாதம் விற்று, கடனை அடைத்துவிட்டு மிச்சத்தில் வருஷத்தை ஓட்டுவது இந்த வியாபாரத்தின் வழக்கம். பலர் தாங்கள் விட்டுவந்ததாகச் சொல்லும் நாட்டைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

2008 மார்ச்சில் லாசாவில் சீன ஆட்சிக்கு எதிராகப் போராட்டம் வெடித்தது. அந்த ஆகஸ்டில் பீஜிங் ஒலிம்பிக். லண்டனிலும் பாரிஸிலும் ஒலிம்பிக் ஜோதி போன வழியெல்லாம் மறியல். ஏப்ரல் 17-ம் தேதி டெல்லிக்கு ஜோதி வந்தபோது பொதுமக்கள் கிட்டே நெருங்கவே முடியவில்லை. ராஷ்டிரபதி பவனிலிருந்து இந்தியா கேட் வரை சுமார் 2.3 கிலோமீட்டரோடு ஓட்டத்தைச் சுருக்கிவிட்டார்கள். கால்பந்து அணித் தலைவராக இருந்த சிக்கிம்காரர் பாய்ச்சுங் பூட்டியா, திபெத்தியர்களுக்கு ஆதரவாக ஜோதியைத் தொடமாட்டேன் என்று மறுத்துவிட்டார்.

இங்கே பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. பீஜிங் ஒலிம்பிக்கைப் புறக்கணியுங்கள் என்று தலாய் லாமா கேட்கவில்லை. சீனா போட்டியை நடத்தட்டும் என்றே சொன்னார். அவர் கேட்பது தனிநாடும் இல்லை. சீனாவுக்குள் உண்மையான தன்னாட்சி. அதை ‘நடுவழி’ என்கிறார்கள். முழு விடுதலைதான் வேண்டும் என்பது திபெத்திய இளைஞர் காங்கிரஸ் போன்ற அமைப்புகளின் நிலை. அதாவது, திபெத் விஷயத்தில் திபெத்தியர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து.

இந்தியா ஒலிம்பிக்குக்குப் போனது. ஆகஸ்ட் 11-ம் தேதி துப்பாக்கி சுடுதலில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றார். தனிநபர் பிரிவில் இந்தியாவுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம். புறக்கணித்திருந்தால் அது கிடைத்திருக்காது. அதே நேரம், போனதால் திபெத்துக்கு எதுவும் மாறிவிடவும் இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கவேண்டும்.

பெருங்குடி: விமான நிலையத்துக்கு வந்த பெட்டி

ஊருக்குத் தெற்கே பெருங்குடியில் இருக்கிறது மதுரை விமான நிலையம். 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த மோதலில் இந்திய வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் ஹவில்தார் கே.பழனி. ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்தவர். அவருடைய உடல் மதுரை விமான நிலையத்தில்தான் வந்து இறங்கியது. இங்கிருந்து சாலை வழியாகச் சொந்த ஊருக்குப் போனது. பிறகு அவருக்கு வீர் சக்ரா விருது அறிவிக்கப்பட்டது.

திபெத் எங்கேயோ இமயமலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிரச்னை என்று நினைத்துக்கொண்டிருந்த தென்மாவட்டங்களுக்கு, அந்த எல்லை வீட்டு வாசலுக்கு வந்த நாள் அது.

அதன்பிறகு சீனப் பொருள் வேண்டாம் என்ற குரல் நாடு முழுக்கக் கேட்டது. டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்குத் தடை வந்தது. ஐ.பி.எல். போட்டியின் பெயரோடு ஒட்டியிருந்த சீன செல்போன் நிறுவனம் விவோ அந்த வருஷம் மட்டும் விலகிக்கொண்டது. 2021-ல் திரும்ப வந்தது. கோபத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் நடந்த போட்டியில் எது ஜெயித்தது என்பதை அந்த ஒரு வருஷ இடைவெளியே சொல்லிவிடும்.

2022 பிப்ரவரியில் பீஜிங்கில் குளிர்கால ஒலிம்பிக். கல்வான் மோதலில் காயமடைந்த சீன ராணுவ அதிகாரியையே ஜோதி ஏந்தவைத்தது சீனா. இந்தியா உடனே, தொடக்க விழாவுக்கும் நிறைவு விழாவுக்கும் தன் தூதரக அதிகாரி போகமாட்டார் என்று அறிவித்தது. தூர்தர்ஷன் அந்த விழாக்களை நேரலையாகக் காட்டவில்லை. ஆனால், காஷ்மீரைச் சேர்ந்த பனிச்சறுக்கு வீரர் ஆரிஃப் கான் போனார். இந்தியா சார்பில் கலந்துகொண்ட ஒரே வீரர் அவர். அதிகாரிகள் ஒதுங்கினார்கள், விளையாட்டுக்காரருக்கு நஷ்டம் இல்லை. இப்படியும் ஒரு புறக்கணிப்பு உண்டு.

ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர்: முகாம்களின் ஊர்

மதுரையின் வடமேற்கே ஆனையூர். தெற்கே திருமங்கலம் போகும் வழியில் உச்சப்பட்டி. கிழக்கே மேலூர்ப் பக்கம், மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர். மூன்று இடத்துக்கும் பொதுவாக ஒன்று உண்டு. மூன்றிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 1983-க்குப் பிறகு அலை அலையாக வந்தவர்களின் குடும்பங்கள். 2021-ல் தமிழ்நாடு அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது.

ஈழம் மதுரைக்குப் புதிதல்ல. 1986 மே 4-ம் தேதி கருணாநிதி தலைமையில் ‘டெசோ’ மாநாடு நடந்தது இதே ஊரில்தான். வாஜ்பாய், என்.டி.ராமராவ், பகுகுணா என்று வடக்கிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் தலைவர்கள் வந்து பேசினார்கள்.

அந்த உணர்வு விளையாட்டு மைதானத்துக்குள் வந்தது 2012, 2013-ம் ஆண்டுகளில். 2012 செப்டம்பரில், நட்புப் போட்டிக்காகச் சென்னை வந்திருந்த கொழும்புப் பள்ளி மாணவர்களின் கால்பந்து அணியைத் திருப்பி அனுப்ப முதல்வர் ஜெயலலிதா உத்தரவிட்டார். மைதானத்தில் ஆட அனுமதித்த அதிகாரி பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். 2013 பிப்ரவரியில், பிரபாகரனின் 12 வயது மகன் பாலச்சந்திரன் கொல்லப்படுவதற்கு முன் எடுக்கப்பட்ட படங்கள் வெளியாகித் தமிழ்நாடே கொதித்தது. சென்னையில் நடக்கவிருந்த ஆசிய தடகளப் போட்டிக்கு இலங்கை வருவதாக இருந்தால் தமிழ்நாடு நடத்தாது என்று அறிவித்தார் ஜெயலலிதா. போட்டி புனேவுக்குப் போய், ஜூலையில் அங்கே நடந்தது.

மார்ச்சில் சென்னை லயோலா கல்லூரி மாணவர்களின் உண்ணாவிரதத்தில் பற்றிய போராட்டம், மதுரை உட்பட மாநிலம் முழுக்கப் பரவியது. இலங்கை வீரர்களும் நடுவர்களும் இல்லாமல்தான் சென்னையில் ஐ.பி.எல். நடக்கலாம் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார் முதல்வர். மறுநாள், தனி ஈழம் குறித்துப் பொதுவாக்கெடுப்பு நடத்த ஐ.நா.வை வலியுறுத்தி சட்டமன்றம் தீர்மானம் போட்டது.

அன்றைக்கு இதை ஆதரித்தவர்களின் வாதம் எளிமையானது. முள்ளிவாய்க்காலில் செத்தவர்களுக்காக ஒரு மாநில அரசால் வேறு என்ன செய்ய முடியும்? வெளியுறவுக் கொள்கை டெல்லியின் கையில். மைதானத்தின் சாவி மட்டும்தான் மாநிலத்தின் கையில். அந்த அழுத்தம் இருந்த காலத்தில்தான், 2012-லும் 2013-லும் ஐ.நா. மனித உரிமை கவுன்சிலில் இலங்கைக்கு எதிரான தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. அந்த நவம்பரில் கொழும்பில் நடந்த காமன்வெல்த் மாநாட்டுக்குப் பிரதமர் மன்மோகன் சிங் போகவில்லை.

மறுத்தவர்களின் வாதத்திலும் நியாயம் இருந்தது. பந்தை உதைக்க வந்த பள்ளிப் பையன்கள் என்ன தப்பு செய்தார்கள்? சொந்த மண்ணில், சொந்த ஜனங்கள் கைதட்ட ஓடியிருக்கவேண்டிய தமிழ்நாட்டு தடகளப் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு போனது யாருக்கு லாபம்? இன்னொரு வேடிக்கையும் நடந்தது. அந்த ஐ.பி.எல். பருவத்தில் சென்னையில் ஆட முடியாதவர்கள் பட்டியலில் முத்தையா முரளிதரனும் இருந்தார். கண்டியைச் சேர்ந்த தமிழர், சென்னையில் பெண் எடுத்தவர். தமிழருக்காகப் போட்ட தடை ஒரு தமிழரையும் வாசலில் நிறுத்தியது.

இந்த வாதங்கள் நடந்தபோதெல்லாம் முகாம்களில் இருந்தவர்களின் பிரச்னை வேறாக இருந்தது. முகாமில் பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளை எவ்வளவு வேகமாக ஓடினாலும், இந்தியக் குடியுரிமை இல்லாமல் இந்தியாவுக்காக ஓட முடியாது. பாஸ்போர்ட் இல்லை. ஸ்வெட்டர் விற்க வரும் திபெத்தியர் வீட்டுப் பிள்ளைக்கும் அதே நிலைதான். திபெத் பெயரில் ஒரு கால்பந்து அணி உண்டு. 2001-ல் கோபன்ஹேகனில் கிரீன்லாந்தோடு ஆடியது. ஃபிஃபா அதை அங்கீகரிக்கவில்லை.

இரண்டு கதையும் சட்டத்தில் ஓரிடத்தில் சந்திக்கின்றன. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன் என்கிறது குடியுரிமைச் சட்டம். இதை வைத்து 2010-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு திபெத்தியப் பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கிடைக்க வழிசெய்தது. 2022-ல், யானைமலை பார்த்திருக்க ஒத்தக்கடை பக்கம் நிற்கும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஓர் ஈழத்தமிழ்ப் பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்க உத்தரவிட்டது. 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இந்தக் கதவு திறக்காது. இன்றைக்கு ஓடி விளையாடும் வயதில் இருப்பவர்கள் எல்லோரும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள்தான்.

மீண்டும் ரேஸ்கோர்ஸ்: கைதட்டிக்கொண்ட பையன்கள்

2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதல், மே மாதம் ‘ஆபரேஷன் சிந்தூர்’. பாகிஸ்தானோடு தனியாகத் தொடர் ஆடுவதில்லை, பல நாடுகள் கலந்துகொள்ளும் போட்டியில் தடையில்லை என்று மத்திய அரசு கொள்கை அறிவித்தது. செப்டம்பரில் துபாயில் நடந்த ஆசியக் கோப்பை கிரிக்கெட்டில் இந்திய வீரர்கள் பாகிஸ்தான் வீரர்களோடு கைகுலுக்கவில்லை. அது சரியா தவறா என்று டீக்கடை முதல் டி.வி. விவாதம் வரை பேச்சு.

அடுத்த மாதமே மலேசியாவில் ஜோகூர் சுல்தான் கோப்பை ஜூனியர் ஹாக்கி. இந்தியா - பாகிஸ்தான் பையன்கள் ஆட்டத்துக்கு முன் வரிசையாக நடந்து உள்ளங்கையோடு உள்ளங்கை தட்டிக்கொண்டார்கள். ஆட்டம் 3-3 என்று சமனில் முடிந்தது. இந்த இரண்டு அணிகளும் உலகக் கோப்பையில் ஒரே பிரிவு. இங்கே வந்து மறுபடியும் மோதியிருக்கவேண்டும். ஆனால், போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது பாகிஸ்தான் விலகிக்கொண்டது. அந்த இடத்துக்கு ஓமன் வந்தது.

மதுரையில் இந்தியாவும் ஓமனும் ஆடிய ஆட்டத்தில் இந்தியா 17-0 என்று ஜெயித்தது. ஸ்கோர் போர்டைப் பார்த்துக் குழந்தைகள் குதித்திருப்பார்கள். ஹாக்கி தெரிந்தவர்களுக்கு அதில் ஓர் ஏமாற்றமும் இருந்திருக்கும். அடுத்து ஸ்விட்சர்லாந்தையும் இதே மைதானத்தில் 5-0 என்று வென்றது இந்தியா. கடைசியில் சென்னையில் அர்ஜென்டினாவை வீழ்த்தி வெண்கலம். கோப்பை ஜெர்மனிக்கு.

ஹாக்கியும் புறக்கணிப்பும் தமிழ்நாட்டில் ஏற்கெனவே பழகியவைதான். ஹாக்கியில் இந்தியா கடைசியாக ஒலிம்பிக் தங்கம் வென்றது 1980 மாஸ்கோவில். அணித் தலைவர் தமிழ்நாட்டின் வாசுதேவன் பாஸ்கரன். ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து 60-க்கும் மேற்பட்ட நாடுகள் வராத ஒலிம்பிக் அது. வராதவர்களில் பாகிஸ்தானும் மேற்கு ஜெர்மனியும் உண்டு. அதற்கு ஆறு வருஷம் முன்பு, 1974-ல், சென்னையின் விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்த இந்திய டென்னிஸ் அணி டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனது. எதிரே தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சியோடு விளையாடமாட்டோம் என்று இந்தியா விலகியது. கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது.

அன்றைக்கு அது நஷ்டம். ஆனால், பல நாடுகள் பல வருஷம் விடாமல் ஒதுக்கிவைத்ததில் தென்னாப்பிரிக்கா உலக விளையாட்டிலிருந்து தனிமைப்பட்டது. நிறவெறிச் சட்டங்கள் விழுந்த பிறகுதான், 1992-ல், அது ஒலிம்பிக்குக்குத் திரும்ப வந்தது. மாஸ்கோவுக்குப் பல நாடுகள் போகாததால் ஆப்கானிஸ்தானிலிருந்து படை அன்றைக்கே கிளம்பிவிடவில்லை. கிளம்பி முடிக்க 1989 ஆனது. தெளிவான ஒரு கோரிக்கையும், பல நாடுகளின் ஒற்றுமையும், நீண்ட பொறுமையும் இருந்த இடத்தில் புறக்கணிப்பு பலன் தந்திருக்கிறது. ஒரு பருவத்துக் கோபத்தோடு நின்ற இடத்தில், அந்தப் பருவத்தில் ஆடவேண்டியவர்கள் வாய்ப்பை இழந்ததோடு சரி.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

காலையில் மேலமாசி வீதி காதிக் கடையில் தொடங்குங்கள். மேல்தளத்தில் காந்தி படங்களின் கண்காட்சி இருக்கிறது. அங்கிருந்து காமராஜர் சாலை காந்தி பொட்டல். பிறகு வைகையைத் தாண்டி, தமுக்கம் பக்கம் ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனையில் இயங்கும் காந்தி நினைவு அருங்காட்சியகம். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணி அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. வாரத்தில் ஒருநாள் விடுமுறை என்பதால் கேட்டுக்கொண்டு போவது நல்லது. ரேஸ்கோர்ஸ் மைதானமும் வைகைக்கு இந்த வடகரைதான். மாலையில் போனால் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளைப் பார்க்கலாம்.

திருவாதவூருக்குக் கோயிலுக்காகப் போகலாம். முகாம்கள் சுற்றுலா இடங்கள் அல்ல. வெளியாட்கள் அனுமதியில்லாமல் நுழைய முடியாது, வேடிக்கை பார்க்கவும் கூடாது. ஸ்வெட்டர் கடைகள் மழைக்காலம் முடியும்போது வரும். பேரம் பேசுகிறவர்கள் கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள். அந்தக் குல்லாயின் விலையில்தான் லூதியானா கடன் அடையவேண்டும்.